கேளுங்கள், சொல்கிறேன்: பார்டோக்கை நம் பிள்ளைகள் ஊதும்போது

செப்டம்பர் 24, நம் தென் ஆப்பிரிக்காவின் பாரம்பரிய தினம் நெருங்க நெருங்க எனக்கு வரும் கடிதங்களில் பாதி பள்ளி பேண்ட் பற்றியே இருக்கும். இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். வீணைத் தந்தி, ஹார்மோனியம் ரிப்பேர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த், ஓர் ஆசிரியை: ஐயா, எங்கள் பள்ளி பேண்டில் 21 பிள்ளைகள். கிளாரினெட் 6, ஆல்டோ சாக்ஸ்போன் 4, ட்ரம்பெட் 4, புல்லாங்குழல் 3, ட்ரோம்போன் 2, தாளத்துக்கு 2 பேர். ஹார்ன் கிடையாது, டியூபா கிடையாது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் சிறுவர்களுக்கு எழுதிய பியானோத் துண்டுகளில் மூன்றை எடுத்து பேண்டுக்கு அமைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

டீச்சர், கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம். முதலில் பிள்ளைகளைப் பாட வையுங்கள். நீங்கள் சொல்லும் தொகுப்பு 'குழந்தைகளுக்காக' என்ற தலைப்பில் 1908, 1909-இல் எழுதப்பட்டது, முதலில் வந்தபோது மொத்தம் 85 துண்டுகள், எல்லாமே ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய கிராமத்துப் பாட்டுகளை வைத்து எழுதியவை. அதாவது பியானோவுக்கு வருவதற்கு முன்பே அது ஒருவர் வாயில் இருந்த பாட்டு. பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரிய வேண்டாம், 'லா லா' என்று பாடினால் போதும், ஆனால் எங்கே மூச்சு விடத் தோன்றுகிறது என்று மட்டும் கவனித்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பியானோவுக்கு மூச்சு வேண்டாம், கிளாரினெட் ஊதும் பிள்ளைக்கு வேண்டும். நீங்கள் போடப்போகும் மூச்சுக் குறிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். இன்னொன்று, ஹங்கேரிய மொழியில் சொல்லின் முதல் அசைக்குத்தான் அழுத்தம், அதனால் அந்த மெட்டுகள் பெரும்பாலும் பலமான தட்டிலேயே தொடங்கும். முதல் ஸ்வரத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை அழுத்தி ஊதும் பழக்கம் பிள்ளைகளிடம் இருந்தால் அதைப் பாட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

அடுத்தது சுருதி. இதில்தான் நான் பல வருடங்களுக்கு முன் பெரிய தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பியானோ நோட்டில் இருந்த சுருதியை அப்படியே வைத்து ஒரு பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். மெட்டு கிளாரினெட்டின் நடுப்பகுதியில் ஏ ஸ்வரத்துக்கும் பி ஸ்வரத்துக்கும் இடையே போய்ப்போய் வந்தது. கிளாரினெட்டில் அந்த ஏ-க்கு ஆள்காட்டி விரல் ஒரு சாவியைத் தொட்டால் போதும், அடுத்த பி-க்கோ ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் ஒரே நொடியில் மூடி, கட்டைவிரலால் ரெஜிஸ்டர் சாவியையும் அழுத்த வேண்டும். முன்வரிசையில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, மோதிர விரல் இன்னும் துளையை முழுசாக மூடும் நீளத்துக்கு வளரவில்லை, ஒவ்வொரு முறை அந்த இடம் வரும்போதும் கண்ணை மூடிக்கொள்வாள், கீச்சென்று சத்தம் வரும், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பாள். நாலு வாரம் அவளைப் பயிற்சி செய்யச் சொன்னேன். ஒரு ஸ்வரம் கீழே இறக்கி எழுதியிருந்தால் நாலு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அந்தக் குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை, என் நோட்டில்தான் குறை.

அதனால், உங்கள் பிள்ளைகள் முதலில் கற்ற ஸ்கேல் எது? எல்லா பேண்டிலும் போல கச்சேரிச் சுருதியில், அதாவது பியானோவில் ஒலிக்கும் சுருதியில், பி ஃப்ளாட்டாகத்தான் இருக்கும். பார்டோக் கையாண்ட கிராமத்து மெட்டுகள் பல மேஜர், மைனர் இரண்டிலும் அடங்காதவை, அதைப் பார்த்துத்தான் ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். நாம் பயப்பட வேண்டியதே இல்லை, நமக்குக் கிரகபேதம் தெரியும், ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காண்பது. அதே பி ஃப்ளாட் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களையும் வைத்துக்கொண்டு சி-யை ஆதார ஸட்ஜமாக்கினால் கரகரப்பிரியா. எஃப்-ஐ ஸட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி. ஈ ஃப்ளாட்டை ஆக்கினால் கல்யாணி, ஜி-யை ஆக்கினால் நடபைரவி. மேற்கத்தியப் பெயர்கள் முறையே டோரியன், மிக்ஸோலிடியன், லிடியன், எயோலியன். பிள்ளைக்குப் புது விரல் வேலை எதுவும் இல்லை, வீடு மட்டும் மாறுகிறது. டோரியன் மெட்டாக இருந்தால் யோசிக்காமல் கச்சேரிச் சுருதியில் சி-க்குக் கொண்டுவாருங்கள். அதற்காக ஒரு ஷார்ப்பையோ ஃப்ளாட்டையோ கூட்டி 'முறையான' மைனராகத் திருத்திவிடாதீர்கள், நிறைய பேர் செய்கிறார்கள். கரகரப்பிரியாவின் தைவதத்தைக் குறைத்தால் அது வேறு ராகம் என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கே தெரியும்.

இனி யார் எதை ஊதுவது? இந்தத் துண்டுகள் சின்னக் கைக்காக எழுதப்பட்டவை, அகலமான விரிப்பு கிடையாது, எல்லா ஸ்வரமும் நடுவில் நெருங்கி உட்கார்ந்திருக்கும். அப்படியே பகிர்ந்து கொடுத்தால் 21 பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். துணை ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே ட்ரோம்போனுக்கு இறக்குங்கள், மெட்டை ஒரு முறை மட்டும் புல்லாங்குழலுக்கு மேலே ஏற்றுங்கள். மெட்டு மூன்று முறை வந்தால் மூன்று முறையும் எல்லோரும் ஊத வேண்டியதில்லை. முதலில் ஆல்டோ சாக்ஸ்போன் ஒருவர் தனியாக, அடுத்து கிளாரினெட்கள், கடைசியில்தான் ட்ரம்பெட். சும்மா இருக்கும் பிள்ளை சலித்துக்கொள்வான் என்று எண்ண வேண்டாம், எட்டு பார் காத்திருந்து எழும்பும் ட்ரம்பெட்டுக்குத் தனி மிடுக்கு உண்டு.

டியூபா இல்லாதது கவலையே இல்லை. உங்கள் தெருவில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் கட்டாயம் இருப்பார், கேளுங்கள். ஹார்ன் பகுதியை ஆல்டோவுக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும், ஹார்ன் எஃப் கருவி, ஆல்டோ ஈ ஃப்ளாட் கருவி, அதாவது நோட்டில் சி என்று எழுதினால் ஹார்னில் எஃப் ஒலிக்கும், ஆல்டோவில் ஈ ஃப்ளாட் ஒலிக்கும், நோட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் ஒரு ஸ்வரம் தவறி ஒலிக்கும், மாற்றி எழுத வேண்டும்.

டோங்காட், ஒரு தந்தை: என் மகன் டெனர் சாக்ஸ்போன் வாசிக்கிறான், மெட்ரிக் வகுப்பு. பேண்ட் மாஸ்டர் பார்டோக்கின் பல்கேரிய நடனம் ஒன்றை, மைக்ரோகாஸ்மாஸ் 149 என்று சொல்கிறார், பேண்டுக்கு அமைத்திருக்கிறார். ஏழு தட்டு. நான் கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறவன், 'மிச்ரம்தானே, தகிட தகதிமி போடு' என்றேன். முன்பைவிட மோசமாகக் குழம்பிவிட்டான்.

அண்ணே, நீங்கள் சொன்ன எண்ணிக்கை சரிதான், பிரிவுதான் மாறிவிட்டது. தகிட தகதிமி என்பது மூன்றும் நாலும். அந்தத் துண்டு இரண்டு, இரண்டு, மூன்று. அதற்கு 'தக தக தகிட' என்று சொல்ல வேண்டும். நீங்கள் மூன்றில் தொடங்கி அழுத்தம் போட, காகிதத்தில் இரண்டில் தொடங்கி அழுத்தம் வர, பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டான். மற்றபடி நீங்கள் செய்ய நினைத்ததுதான் இருப்பதிலேயே நல்ல வழி, அதைக் கைவிட வேண்டாம்.

மைக்ரோகாஸ்மாஸ் என்பது 153 பியானோத் துண்டுகள், ஆறு புத்தகம், 1926-க்கும் 1939-க்கும் இடையே எழுதியது. அதில் கடைசி ஆறும், 148-லிருந்து 153 வரை, பல்கேரியத் தாளத்தில் அமைந்த நடனங்கள். பல்கேரிய மக்கள் ஆடும் ஆட்டங்களில் நீளத் தட்டும் குட்டைத் தட்டும் கலந்து வரும், அவற்றை பார்டோக் கேட்டுப் படித்து எடுத்துக்கொண்டார். பிள்ளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணக் கூடாது, அந்த வேகத்தில் நாக்கு சுழலாது. மூன்று தட்டு மட்டும் போடட்டும், குட்டை, குட்டை, நீளம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் நீங்கள் தட்டுங்கள், அவன் வாயால் சொல்லட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் மெதுவாக. சாக்ஸ்போனை எடுக்கவே வேண்டாம். வாய் சரியாகச் சொன்னால் விரல் தானாக வரும், இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவன் தேறிவிட்டால் 153-ஐயும் காட்டுங்கள். தகிட தகிட தக, மூன்று மூன்று இரண்டு, மொத்தம் எட்டு. அதைக் கேட்டதும் உங்கள் கை தானாக மிருதங்கத்துக்குப் போகும். மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சொல்கட்டு தெரிந்த பிள்ளைகள் பேண்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பல ஆசிரியர்களுக்குத் தெரிவதே இல்லை. அவர்களை முதல் பத்து நிமிடம் முன்னால் நிறுத்தி மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யலாம்.

லெனேஷியா, பெற்றோர் சங்கத்திலிருந்து: இப்படிப் பாட்டை மாற்றி எழுத யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? இளையராஜாவின் பாட்டையும் எங்கள் பேண்ட் வாசிக்க விரும்புகிறது.

நம் நாட்டின் 1978-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைப்பாளர் இறந்த ஆண்டு முடிந்து 50 வருடம் வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு. பார்டோக் இறந்தது 1945, ஆக இங்கே 1996 முதல் தடையில்லை. ஹோல்ஸ்ட் 1934, வான் வில்லியம்ஸ் 1958, பெர்சி கிரெய்ஞ்சர் 1961, கோடாய் 1967, இந்த இசையமைப்பாளர்கள் எல்லோரும் இங்கே அந்தக் காலத்தைக் கடந்துவிட்டார்கள். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மூலப் பியானோ நோட்டிலிருந்து நீங்களே எழுதுங்கள், வேறொருவர் அண்மையில் பேண்டுக்கு அமைத்ததைப் பார்த்து எழுதினால் அந்த அமைப்புக்கு அவருடைய தனி உரிமை உண்டு. அடுத்தது, கச்சேரி வீடியோவை இணையத்தில் போடுவதாக இருந்தால் மற்ற நாட்டுச் சட்டமும் வருகிறது. ஐரோப்பாவில் 70 வருடம், அமெரிக்காவில் 1940-இல் அச்சான மைக்ரோகாஸ்மாஸ் போன்றவற்றுக்கு அச்சான ஆண்டிலிருந்து 95 வருடம்.

இளையராஜா நம்மிடையே இருப்பவர். அவர் பாட்டை மாற்றி எழுத உரிமை வைத்திருப்பவரின் அனுமதி தேவை, எழுத்தில். மேடையில் வாசிப்பதற்கான உரிமம் தரும் சாம்ரோ வேறு, மாற்றி எழுதும் அனுமதி வேறு, ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். பிள்ளைகள் முன்னால் இதை ஒழுங்காகச் செய்து காட்டுங்கள், அவர்களில் ஒருவர் நாளைக்கு இசையமைப்பாளராக வரலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓர் இளம் ஆசிரியர்: மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் கேட்கும்போது என் ஏற்பாடு அருமையாக இருக்கிறது. ஹாலில் பிள்ளைகள் ஊதினால் சேறு மாதிரி. ஏன்?

மென்பொருள் களைப்படையாது, அதன் ட்ரம்பெட் கிளாரினெட்டை அமுக்காது, நீங்கள் எத்தனை ஸ்வரம் போட்டாலும் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். ட்ரோம்போன் இரண்டுக்கும் கீழ் ஸ்தாயியில் மூன்றாம் ஸ்வர இடைவெளியில் எழுதியிருக்கிறீர்கள், சேறு அங்கேதான் ஆரம்பம். கீழே ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இருக்கட்டும், காந்தாரம் வேண்டுமென்றால் நடுவில் ஆல்டோவிடம் கொடுங்கள். மெட்டு ஒலிக்கும் இடத்தில் தாளக்காரர் சிம்பலைத் தொட வேண்டாம்.

அப்புறம் இதைக் கேளுங்கள். பார்டோக் 1915-இல் பியானோவுக்கு எழுதிய ருமேனிய நாட்டுப்புற நடனங்களை 1917-இல் அவரே சிறு இசைக்குழுவுக்கு மாற்றினார். மூன்றாவது நடனத்தின் தலைப்புக்கு 'ஒரே இடத்தில் நின்று' என்று பொருள். கீழே அசையாமல் ஒரு துணை ஒலி, மேலே பிக்கோலோ ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். கையில் முழு இசைக்குழு இருந்தும் மற்றவர்களைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார். நமக்கு இது புதுசா என்ன, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போலத்தான். உங்கள் இரண்டாவது பக்கத்தில் அதைச் செய்து பாருங்கள், ட்ரோம்போன்களும் கிளாரினெட்டில் பாதிப் பேரும் முறை வைத்து மூச்சு விட்டு ஒத்து பிடிக்கட்டும், ஒரே பிள்ளை மெட்டை ஊதட்டும்.

கூடவே கிரெய்ஞ்சரையும் படியுங்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், பாடகி ஏடா கிராஸ்லியின் குழுவோடு 1903-04 சுற்றுப்பயணத்தில் நம் தென் ஆப்பிரிக்காவுக்கும் வந்து பியானோ வாசித்தவர். பிறகு இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் கிராமத்தாரின் பாட்டை ஃபோனோகிராஃபில் பதிவு செய்து, 1937-இல் அவற்றை வைத்து காற்றுக்கருவி பேண்டுக்கென்றே ஆறு பகுதிகள் எழுதினார். கிழவர் ஒருவர் தாளம் தள்ளிப் பாடியிருந்தால் அந்தத் தள்ளலையும் நோட்டில் வைத்திருக்கிறார், ஒரே சீராக இழுத்துக் கட்டவில்லை. இருக்கிற கருவிகளுக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கி வாசிக்கும்படி எழுதும் முறையையும் அவர் வலியுறுத்தினார். ஹார்ன் இல்லை, பாசூன் இல்லை என்று நாம் படும் பாட்டுக்கு நூறு வருடத்துக்கு முன்பே விடை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

ஃபீனிக்ஸ், 16 வயது மாணவர்: நான் ட்ரோம்போன் வாசிக்கிறேன். எங்கள் மாஸ்டர் ஹங்கேரிப் பாட்டாகவே கொடுக்கிறார். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, தாலாட்டும் கும்மியும் காவடிச்சிந்தும் பாடுவார். அவர் பாட்டை ஏன் பேண்ட் ஊதக் கூடாது?

தம்பி, உன் கேள்வியைப் படித்து நான் எழுந்து ஒரு முறை நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம். 1904-இல் பார்டோக்குக்கு வயது 23. ஒரு கிராமத்து விடுதியில் தங்கியிருந்தார், பக்கத்து அறையில் லிடி டோசா என்ற வேலைக்காரப் பெண் பாடிக்கொண்டிருந்தாள், ட்ரான்சில்வேனியாக்காரி. அந்தப் பாட்டை அவர் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம்தான் நண்பர் கோடாயோடு சேர்ந்து மெழுகு உருளையில் பதிவு செய்யும் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனதெல்லாம். உன் வீட்டில் பக்கத்து அறையில் ஆயா இருக்கிறார்.

பார்டோக் 1931-இல் மூன்று வழி சொன்னார். மக்கள் பாட்டை அப்படியே எடுத்து முன்னும் பின்னும் துணை இசை சேர்ப்பது ஒன்று. அதே சாயலில் சொந்தமாக மெட்டுப் போடுவது இரண்டு. மெட்டே இல்லாமல் அந்தக் காற்றை மட்டும் தன் இசைக்குள் கொண்டுவருவது மூன்று. நீ முதல் வழியில் தொடங்கு.

ஃபோனில் பதிவு செய். மேடையில் உட்கார வைத்துப் பாடச் சொல்லாதே, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பாடினால் அதுதான் பாட்டு. ஒரே பாட்டை மூன்று நாள் பாடச் சொல்லிப் பதிவு செய், மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார், மாறாததுதான் மெட்டின் எலும்பு. காவடிச்சிந்து என்றால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எழுதியதாக இருக்கலாம், அவர் காலம் 1865 முதல் 1891 வரை, ஆக எழுத்து அனுமதி எதுவும் வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குத் தெருவில் கேட்கும் அந்த தகிட தகிட நடையை ஸ்னேர் ட்ரம்முக்கு மென்மையாகக் கொடுக்கலாம்.

விருத்தம் மாதிரித் தாளமில்லாமல் ஆயா இழுத்துப் பாடும் இடத்தில் கோடு போட்டு பார் பிரிக்காதே. பார்டோக்கும் அப்படிப் பேசுவது போலப் பாடும் பாட்டுகளைத் தனி வகையாகவே வைத்தார். அந்த இடத்தை ஒருவரிடம் கொடு, மற்றவர்கள் ஒத்து பிடிக்கட்டும், கண்டக்டர் கையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்கட்டும். அந்த ஒருவர் நீயாகவே இரு. பேண்டில் மற்றக் கருவிகளெல்லாம் படிப்படியாக ஏறும், உன் ட்ரோம்போனில்தான் சறுக்கு இருக்கிறது, ஆயா ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் ஜாருவை உன்னால் மட்டும்தான் அப்படியே ஊத முடியும். அவர் காந்தாரம் கீபோர்டைவிடக் கொஞ்சம் தாழ்ந்து வந்தால் திருத்தாதே, ஸ்லைடை ஒரு விரல் அளவு வெளியே தள்ளு.

சொற்களையும் எழுதிக்கொள், யாரிடம் கற்றார், எந்த எஸ்டேட்டில் இருந்தபோது என்று கேட்டுத் தேதியோடு எழுது. முதல் இரண்டு வரி நோட்டை எனக்கு அனுப்பு, அதோடு உங்கள் கிளாரினெட் பிள்ளைகள் எத்தனை மாதமாக ஊதுகிறார்கள் என்றும் எழுது. எந்தச் சுருதியில் வைத்தால் அவர்களுக்கு அந்த ஏ, பி தொல்லை வராது என்று பார்த்துச் சொல்கிறேன்.